பசியைப் படைக்கலமாக்கிய ஒற்றுமை

“பிரிய நினைத்தனர், அழிந்தனர்” என்று ஒரே வரியில் பியாபிராவின் கதையை முடித்துவிடுவார் உளர். அவ்வொரு வரிக்குள் பல நூறாயிரம் பிணங்கள் புதைந்து கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பகுதி பாலுக்கு அழுத குழந்தைகளுடையவை. அவற்றைத் தோண்டிப் பார்க்காமல் தீர்ப்புக் கூறுதல் நயன்மையாகாது.

நைசீரியா என்னும் நாட்டைக் கோடு கிழித்து உருவாக்கியவர் பிரித்தானியர். 1914-இல் வடக்கையும் தெற்கையும் இணைத்த அவர்கள், அங்கு வாழ்ந்த அவுசா, யொருபா, இபோ முதலான இனங்களை ஒரு சொல்லும் கேட்டிலர். 1960-இல் விடுதலை வந்தது. ஆறே ஆண்டுகளிற் கட்டுத் தளர்ந்தது. 1966 சனவரியிற் படையினர் சிலர் தலைமையமைச்சர் பலேவாவையும் வடபுலத் தலைவர் அகமது பெல்லோவையும் கொன்றனர். கொன்ற படைத்தலைவருட் பெரும்பாலார் இபோக்கள். அச்செயல் கொடிதே, மறைக்க வேண்டுவதில்லை. ஆயின் சிலர் செய்த பிழைக்கு ஓர் இனமே ஒறுக்கப்பட்டது. வடக்கில் வாழ்ந்த இபோக்கள் ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டனர்; பத்து நூறாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிர் தப்பிக் கிழக்கே ஓடினர். தன்னைக் காவாத நாட்டை விட்டு ஒருவன் விலக நினைப்பது குற்றமாமோ?

1967 சனவரியிற் கானாவின் அபூரியில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் பொருளிலேயே இரு தரப்பும் மாறுபட்டன. மே 27-இற் கோவன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகக் கூறிட்டார். கிழக்கின் கடற்கரையும் கல்நெய் வளத்தின் பெரும்பகுதியும் இபோக்களின் கைவிட்டுப் போயின. மே 30-இல் ஒசுக்குவு பியாபிராவின் விடுதலையை அறிவித்தார். சூலையிற் போர் மூண்டது.

உலகம் என் செய்தது? தான்சானியா, காபோன், ஐவரிக்கோசுட்டு, சாம்பியா, எய்ட்டி ஆகிய ஐந்தே நாடுகள் ஏற்பு வழங்கின. பனிப்போரில் எதிரெதிர் நின்ற பிரித்தானியாவும் உருசியாவும் இங்கே ஓரணியில் நின்று இலாகோசுக்குப் படைக்கலன் ஈந்தன. ஒன்றற்குக் கல்நெய், மற்றதற்குக் காலூன்ற இடம்! பிரான்சோ மறைவிற் படைக்கலன் தந்தது. வெளிப்படையில் ஏற்பு வழங்கவில்லை.

1967 அத்தோபரில் எனுகு வீழ்ந்தது. 1968 மேயிற் போர்ட்டு ஆர்க்கோர்ட்டும் வீழக் கடல்வழி அடைபட்டது. ஊலியில் நெடுஞ்சாலையையே வானூர்தித் தளமாக்கி, இருளில் உணவும் மருந்தும் இறக்கினர். 1969 சூனிற் செஞ்சிலுவை வானூர்தியொன்றே சுட்டு வீழ்த்தப்பட்டது. பட்டினியைப் போர்முறையென்றே நியாயப்படுத்திய ஆட்சியாளரும் இலாகோசில் இருந்தனர். சோற்றை மறித்துப் பெற்ற வெற்றியையோ ஒற்றுமை என்பது?

இனி, நம்மவர் கேட்க விரும்பாத ஒன்றையும் கூறுதல் கடன். பியாபிராவில் இபோக்கள் மட்டும் வாழவில்லை. இசோ, இபிபியோ, எபிக்கு, ஓகோனி முதலான இனங்களும் அம்மண்ணுக்கு உரியோரே. அவருட் பலர், இலாகோசின் ஆட்சிக்கு மாற்றாக இபோக்களின் ஆட்சி வருமென்றே அஞ்சினர். இசோத் தலைவர் ஐசக்கு போரோ நைசீரியப் படையிற் சேர்ந்து போரிட்டு மாண்டார். 1967 ஆகத்தில் பியாபிரப் படை பெனின் நகருட் புகுந்தது. தன் மண் காக்க எழுந்தோர் பிறர் மண்ணில் ஆட்சி நடத்த முனைந்தனர். உணவு வருதற்கான தரைவழியை ஒசுக்குவு மறுத்ததும் உண்மை. உரிமை கேட்பவன் தன் வீட்டிற் பிறர்க்கு அவ்வுரிமையை ஈயானாயின், பகைவனுக்குப் பாதி வேலையைத் தானே முடித்துக் கொடுக்கிறான்.

1970 சனவரி 11-இல் ஒசுக்குவு வானூர்தி ஏறி வெளியேறினார். எஞ்சிய மக்களைக் காக்கும்பொருட்டுப் பணிவை அறிவித்த எபியாங்கு, இபோ இனத்தவரே அல்லர்! வென்றாருமில்லை தோற்றாருமில்லை என்றார் கோவன். ஆனால் வைப்பகத்தில் எத்துணைப் பணம் இட்டிருந்தாலும் இபோக்களுக்குக் கிடைத்தது இருபது பவுனே. போர்ட்டு ஆர்க்கோர்ட்டில் அவர்தம் வீடுகள் ‘கைவிடப்பட்ட உடைமை’ ஆயின. பியாபிராக் குடா என்னும் கடற்பெயரையும் மாற்றினர்.

பெயரை அழித்தனர், கரணியத்தை அழித்திலர். அரை நூற்றாண்டு கழிந்தும் அப்பெயரை உரைக்கும் இயக்கமொன்றை 2017-இல் நைசீரிய அரசு தடைசெய்ய வேண்டியதாயிற்று. தீர்ந்துபோன கதைக்குத் தடை எதற்கு? எண்ணிப் பார்மின்!