கடிச்சிட்டு ஓடுறது ஆர்?

வெனிஸுக்குக் காலையில் வந்து பின்னேரம் திரும்பிப் போகிற ஆக்களுக்கு இத்தாலியில் ஒரு பட்டப்பெயர் இருக்கிறது: 'கடிச்சிட்டு ஓடுறவை'. தங்குவதில்லை, ஹொட்டேலுக்குக் காசு குடுப்பதில்லை, பையில் கொண்டுவந்த பாணைச் சாப்பிட்டு, நாலு படம் எடுத்துவிட்டு ரயிலேறி விடுகிறார்கள். இதுதான் குற்றச்சாட்டு. 2024 ஏப்ரல் 25இலிருந்து நகரசபை இதற்கொரு கட்டணமும் வைத்திருக்கிறது. அந்த வருடம் 29 நாட்களுக்கு, ஆளுக்கு 5 யூரோ. 2025இல் 54 நாட்கள். கடைசி நேரத்தில் பதிந்தால் 10 யூரோ.

நகரத்தைக் காப்பாற்றத்தானே என்று கேட்பீர்கள். சரி, ஆரிடமிருந்து?

பொலோஞ்ஞாவில் படிக்கிற ஒரு மாணவியை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மலிவான ரயிலில் வந்து, பாலமும் சந்தும் பார்த்து நாள் முழுக்க நடக்கிறாள். அவள் கட்ட வேண்டும். ஐந்து நட்சத்திர ஹொட்டேலில் தங்குகிறவர் கட்டத் தேவையில்லை. அவர் ஏற்கெனவே தங்குமிட வரி கட்டுகிறாராம். பிரச்சினை சனநெரிசல் என்றால் இரண்டு பேரும் ஒரே சந்தில்தானே நடக்கிறார்கள்? இத்தனை பேர்தான் வரலாம் என்று ஒரு உச்ச எல்லையும் இல்லை. காசு கட்டினால் எத்தனை பேரும் வரலாம். இது நெரிசலைக் குறைக்கிற வேலை இல்லை, பேர்ஸைப் பார்த்து ஆளைப் பிரிக்கிற வேலை.

காசில்லாதவர்கள் மீதான இந்த எரிச்சல் புதிசும் இல்லை. 2019இல் ரியால்டோ பாலத்தடியில் சின்ன அடுப்பு வைத்துக் கோப்பி போட்ட இரண்டு ஜேர்மன் பயணிகளுக்கு 950 யூரோ தண்டம் அடித்து, நகரத்தை விட்டும் அனுப்பினார்கள். ஆனால் 2025 ஜூனில் அமேசன் அதிபர் ஜெஃப் பெசோஸ் அங்கே கலியாணம் செய்தபோது, ஊர்ச்சனம் எதிர்த்து ஆர்ப்பாட்டம் செய்ய, மேயர் வரவேற்றுப் பேசினார்.

உண்மையில் வெனிஸைக் கடிச்சது எது? 1950களின் தொடக்கத்தில் பழைய நகரத்தில் கிட்டத்தட்ட 175,000 பேர் இருந்தார்கள். இன்றைக்கு 50,000கூட இல்லை. ரியால்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடை, மிச்சமிருக்கிற ஆக்களின் எண்ணிக்கையைக் கண்ணாடிக்குள் மின்பலகையில் காட்டிக்கொண்டிருக்கிறது. சனம் வெளியேறியதற்குக் காரணம் பல. இப்போது மிச்சமிருக்கிறவர்களைத் துரத்துகிற பெரிய காரணம் வீடு. மாத வாடகைக்குக் குடும்பத்துக்குக் குடுப்பதை விட, இரவுக் கணக்கில் பயணிகளுக்குக் குடுத்தால் சொந்தக்காரருக்கு லாபம். பகலில் வந்து போகிற மாணவிக்குப் படுக்கையே தேவையில்லை. அவள் ஆரின்ர வீட்டையும் பிடிக்கவில்லை. வீட்டைத் தின்கிற வியாபாரத்தின் வாடிக்கையாளருக்கு விலக்கு, தின்னாதவளுக்குக் கட்டணம். இது என்ன நியாயம்?

பகல் பயணிகள் குப்பை போடுவதில்லையா, பாலத்தை மறித்துப் படம் எடுப்பதில்லையா? செய்கிறார்கள். செய்கிறவருக்குத் தண்டம் அடியுங்கோ. செய்யப்போகிறார்கள் என்று ஏழை, மாணவர் எல்லாரிடமும் முன்கூட்டியே காசு பிடுங்காதேங்கோ. கட்டணம் தொடங்கிய முதல் நாளே வெனிஸ்வாசிகள் வீதிக்கு இறங்கி எதிர்த்தார்கள் என்பதை மறக்கக்கூடாது. தங்கட ஊரை ரிக்கெட் வெட்டிப் பார்க்கிற பூங்காவாக்குவது அவர்களுக்கும் அவமானம்.

மனமிருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அதே நகரத்தில் உதாரணம் இருக்கிறது. 2021 ஓகஸ்ட்டில் இத்தாலிய அரசு பெரிய பயணக் கப்பல்களை ஜூதெக்கா கால்வாய்க்குள் வரவிடாமல் தடுத்தது. 'அஞ்சு யூரோ கட்டிட்டு வாங்கோ' என்று கப்பலுக்குச் சொல்லவில்லை, 'வராதே' என்றுதான் சொன்னது. குறுகியகால வாடகை வீடுகளுக்கு எல்லை போட 2022இல் நாடாளுமன்றம் வெனிஸுக்குச் சிறப்பு அதிகாரமும் குடுத்தது. கட்டணம் வாங்குவதில் இருந்த அவசரம் அதில் காணப்படவில்லை. காரணம் ரகசியமில்லை: வீட்டுச் சொந்தக்காரருக்கு அங்கே வாக்கு இருக்கிறது, சனிக்கிழமை ரயிலில் வருகிறவளுக்கு இல்லை.