வாக்கு வேறு, வேலைநிறுத்தம் வேறு

வேலைநிறுத்த அனுமதி வாக்கெடுப்பு என்பது அன்றாடக் கூலிகளின் வயிற்றைத் தலைவர்களின் பேரத்துக்குப் பணயம் வைப்பதே என்னும் வாதம், இலங்கையில் ரிவர்ஸ்டன் மலைக்குக் கீழே உள்ள ரத்தோட்டைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களுக்கும் பொருத்திச் சொல்லப்படக்கூடியது. ஆனால் அது காரியத்தையே தலைகீழாக்குகிறது. அனுமதி வாக்கு என்பது, பேச்சுவார்த்தை முறிந்தால் வேலைநிறுத்தம் அறிவிக்கும் அதிகாரத்தை உறுப்பினர்கள் சங்கக் குழுவுக்கு முன்கூட்டியே வழங்குவதாகுமே தவிர, வேலைநிறுத்தம் ஆகாது. 2023 ஜூனில் அமெரிக்காவின் யுபிஎஸ் பொதி விநியோகத் தொழிலாளரில் வாக்களித்தோரில் 97 சதவீதத்தினர் அத்தகைய அதிகாரத்தை அளித்தனர். ஒருநாளும் வேலை நிற்காமலேயே ஜூலையில் உடன்பாடு எட்டப்பட்டு, ஆகஸ்டில் அதுவும் உறுப்பினர் வாக்குக்கு விடப்பட்டது.

மலையகத்தில் நடந்ததோ வேறு. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டு 2018 இல் போராடியோருக்கு, 2019 ஜனவரியில் தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தம் 700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தையே தந்தது. தலைவர்களின் பேரமே அச்சமெனில், அதற்குக் கடிவாளம் உறுப்பினர் வாக்கேயன்றி வாக்கின்மை அன்று.

கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், மட்டுமே விழும் பெண்ணுக்கு, வேலைநிறுத்தத்தின் விலையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை; அவ்விலையைக் கொடுப்பவளே அதைத் தீர்மானிக்கவும் வேண்டும். கங்காணியின் கண்முன் கைதூக்கச் சொல்வது அத்தீர்மானம் ஆகாது என்பதால், கோர வேண்டியது இரகசிய வாக்குச்சீட்டை; வாக்கெடுப்பைக் கைவிடுவதை அன்று.