ஆன்போர்டு கிராஃபிக்ஸும் சில பூட்டுகளும்

கணினி வாங்கப் போகும் நண்பர்களுக்குக் கடைக்காரர்கள் தவறாமல் சொல்லும் அறிவுரை ஒன்று உண்டு. கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் மதர்போர்டிலேயே வரும் கிராஃபிக்ஸ் போதும். நல்ல துல்லியத்தில் படம் பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். (‘தாய்ப்பலகை’ என்று எழுத எனக்கும் ஆசைதான். கடையில் அப்படிக் கேட்டால் தச்சரிடம் அனுப்பிவிடுவார்கள்.) 2007 வரை இந்த அறிவுரையில் உண்மை இருந்தது. அதற்குப் பிறகும் இது மந்திரம்போல ஓதப்பட்டு வருவதுதான் வியப்பு. ஆன்போர்டு கிராஃபிக்ஸ் படம் காட்ட மறுத்த இடங்களில் பெரும்பாலும் குறுக்கே நின்றது சில்லின் வலுவின்மை அன்று, அதன்மேல் போடப்பட்ட பூட்டு என்பதே என் துணிபு.

முதலில் சுமை எவ்வளவு என்று பார்த்துவிடலாம். 1920க்கு 1080 என்ற அளவுள்ள ஒரு சட்டகத்தில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட், நொடிக்கு 24 சட்டகம் என்று கணக்கிட்டால் நொடிக்கு ஏறத்தாழ 15 கோடி பைட் ஆகிறது. ப்ளூ-ரே வட்டு காட்சிக்கென அனுமதிக்கும் உச்ச அளவோ நொடிக்கு 40 மெகாபிட், அதாவது 50 லட்சம் பைட். முப்பதில் ஒரு பங்கு! நூற்பாவுக்கும் உரைக்கும் உள்ள உறவு இது. சுருங்கக் கட்டப்பட்டதை விரித்துச் சொல்ல ஓர் உரையாசிரியர் தேவை. 2003இல் வெளிவந்த எச்.264 முறை மிகச் செறிவான நூற்பா. முந்தைய சட்டகத்திலிருந்து எது மாறியது என்பதைத்தான் அது பெரும்பாலும் குறித்துவைக்கிறது. அதையும், ஒரு பிட்டின் பொருள் தனக்கு முன்வந்த பிட்டுகளைச் சார்ந்து நிற்கும்படி இறுக்கிவிடுகிறது. வரிசையாகப் படித்துத்தான் அவிழ்க்க வேண்டும்; வேலையைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது கடினம். அன்றைய செயலிகளுக்கு மூச்சு வாங்கியது இங்கேதான்.

2008இல் நிலைமை மாறியது. ஏஎம்டியின் 780ஜி சில்லுத் தொகுதியில் யுவிடி என்றொரு தனிப்பகுதி இருந்தது. காட்சியை அவிழ்த்து விரிப்பதைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது. ஆனால் அந்த ஒன்றை, மிக மலிவான செயலியை அருகில் வைத்துக்கொண்டே, ப்ளூ-ரே படத்துக்குச் செய்து காட்டியது. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 8200, இன்டெல்லின் ஜி45 ஆகியவையும் அதே ஆண்டில் வந்தன. பொதுச் செயலி பல்கலை வல்லுநர். இந்தப் பகுதி ஒரே நூலுக்கு மட்டும் உரை கற்றவர். அந்த ஒரு நூலில் வல்லுநர் இவரிடம் தோற்பார். மின்சாரமும் குறைவு, விசிறியின் இரைச்சலும் குறைவு. வசனமில்லாத நீண்ட காட்சிகளைப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடைசி நன்மை சிறியதன்று.

குறைகள் இல்லாமல் இல்லை. ஆன்போர்டு கிராஃபிக்ஸுக்குப் பெரும்பாலும் சொந்த நினைவகம் கிடையாது. கணினியின் ரேமில்தான் கடன் வாங்கும். ஒரே ரேம் துண்டைச் செருகிவிட்டுப் படம் திணறுகிறது என்று வருந்துபவர்கள், அதே கொள்ளளவை இரு துண்டுகளாகச் செருகியிருந்தால் நினைவகத்துக்குப் போகும் பாதை இரட்டிப்பாகியிருக்கும். இன்னொன்று நுட்பமானது. திரைப்பட வட்டுகளில் சட்டக வேகம் பெரும்பாலும் சரியாக 24 அன்று, 23.976. இன்டெல்லின் ஆன்போர்டு கிராஃபிக்ஸ் 2011இன் சாண்டி பிரிட்ஜ் வரை திரையை அந்த வேகத்துக்கு இசைக்க இயலாமல் 24இலேயே ஓட்டியது. விளைவு, ஏறத்தாழ 40 நொடிக்கு ஒருமுறை ஒரு சட்டகம் இரண்டு முறை வரும். பலருக்கு அது தெரிவதேயில்லை. தெரிந்துவிட்டவருக்கோ, வெண்பாவில் தளை தட்டுவதுபோல ஒவ்வொரு முறையும் உறுத்தும். இவை பொறியியல் குறைகள். பொறியியலே பின்னர் இவற்றைத் தீர்த்தது.

பூட்டுகளின் கதை வேறு. ஏஎம்டியின் யுவிடி, நகல் காப்பு ஏற்பாட்டோடு பின்னிப் பிணைந்திருந்தது. ஆகவே லினக்ஸின் கட்டற்ற இயக்கிகளுக்கு அதைத் தொடும் வழி 2013இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை, காசு கொடுத்து வாங்கிய சில்லின் ஒரு பகுதி அந்தப் பயனர்களுக்கு இருந்தும் இல்லாததுதான்.

4கே ப்ளூ-ரேயின் கதை இதைவிட வினோதமானது. 2017இல் அதைக் கணினியில் முறைப்படி பார்க்க இன்டெல் செயலியின் ‘எஸ்ஜிஎக்ஸ்’ என்ற பாதுகாப்புப் பெட்டகமும், அதே செயலியில் இருந்த கிராஃபிக்ஸும் தேவைப்பட்டன. விலை உயர்ந்த தனி கார்டு வைத்திருந்தவர் வெளியே நிற்க, எல்லோரும் இளப்பமாகப் பேசிய உள்ளமை கிராஃபிக்ஸே வாயிற்காவலன் ஆனது. பின்னர், 2021இல் வந்த பதினோராம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் இன்டெல் அந்தப் பெட்டகத்தையே நீக்கிவிட்டது. பழைய கணினியில் ஓடிய வட்டு, அதைவிடப் பலமடங்கு ஆற்றலுள்ள புதிய கணினியில் முறைப்படி ஓடாது.

2025இல் இதன் அடுத்த படியையும் கண்டோம். செயலிக்குள் ஏற்கெனவே இருக்கும் எச்இவிசி விரிப்புத் திறனை இரண்டு பெரிய நிறுவனங்கள் தம் சில மடிக்கணினி வகைகளில் முடக்கி விற்பது செய்தியானது. காப்புரிமைக் கட்டணமே காரணம் என்று பலரும் எழுதினார்கள். காரணம் எதுவாயினும், சில்லுக்குத் திறன் உண்டு, வாங்கியவருக்கு உரிமை இல்லை.

இலக்கிய வாசகருக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். சத்யஜித் ராயின் அபு முப்படங்களின் மூலநெகட்டிவ்கள் 1993இல் லண்டன் ஆய்வகத் தீவிபத்தில் கருகின. கருகியவற்றில் மீட்கக்கூடியதை இத்தாலியின் போலோன்யா நகர ஆய்வகத்தில் மீட்டு, மீளாத பகுதிகளுக்கு வேறு படிகளைத் தேடிச் சேர்த்து, 2015இல் 4கே துல்லியத்தில் வெளிக்கொணர்ந்தார்கள். ஏட்டுச் சுவடிகளிலிருந்து பாடம் மீட்ட பதிப்பாசிரியர்களின் உழைப்புக்கு நிகரானது அது. அமெரிக்காவில் வெளியான அந்த ப்ளூ-ரே வட்டு ஏ மண்டலத்துக்கு உரியது. இந்தியா இருப்பது சி மண்டலத்தில். வங்காளத்துக் கிராமத்தைப் பற்றிய படத்தின் நல்ல படியை, நெருப்பு விட்டுவைத்ததை, மண்டலக் குறியீடு தடுக்கிறது. விண்டோஸில் ப்ளூ-ரே பார்க்கும் வசதி உடன் வருவதுமில்லை. அதற்கு உரிமம் பெற்ற மென்பொருளைத் தனியே வாங்க வேண்டும். படத்தை விரிக்கும் ஆற்றலோ 2008ஆம் ஆண்டு மதர்போர்டிலேயே இருந்தது.

ஆகவே கடையில் கார்டு வேண்டுமா என்று கேட்பதைவிட, உள்ளமை கிராஃபிக்ஸ் எந்தெந்த முறைகளை வன்பொருளிலேயே விரிக்கும் என்று கேளுங்கள். 2018இல் காப்புரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்போடு வந்த ஏவி1, அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைக்காரருக்குத் தெரியாமலிருக்கக்கூடும். செயலியின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு வந்து, தயாரிப்பாளரின் விவரக்குறிப்பில் நீங்களே தேடிக்கொள்ளலாம்.