மாத்திரையா, பயிற்சியா?



என்னிடம் படித்த பிள்ளைகள் பலர் இப்போது பெற்றோர். அவர்களில் சிலர் கேட்கிறார்கள்: "டீச்சர், பையனுக்கு ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். மாத்திரை கொடுக்கலாமா?" வீட்டுப் பெரியவர்கள் மாத்திரையே கூடாது என்கிறார்களாம். பள்ளியிலோ, மாத்திரை கொடுத்தால்தான் சமாளிக்க முடியும் என்கிறார்களாம். இரண்டு பக்கமும் அவசரப்படுகிறார்கள் என்பதே என் கருத்து.

துறுதுறுவென்று இருப்பதெல்லாம் குறைபாடு அல்ல. 12 வயதுக்கு முன்பே தொடங்கி, 6 மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடத்திலும் தெரிய வேண்டும். கணக்கு வகுப்பில் மட்டும் நெளிகிற பிள்ளைக்குக் கணக்குதான் பிரச்சினை.

அமெரிக்காவில் 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்து, 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கவனச் சிதறலைக் குறைப்பதில், பயிற்சியை மட்டும் தருவதைவிட, முறையாகக் கண்காணித்துத் தந்த மருந்து நன்றாக வேலை செய்தது. இரண்டையும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டில் அந்த வித்தியாசங்கள் மறைந்துவிட்டன. மாத்திரை மட்டுமே போதாது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். 6 வயதுக்குள் என்றால் பெற்றோருக்கான பயிற்சியே முதலில்.

மெதில்ஃபெனிடேட் தூக்க மாத்திரை அல்ல. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப் போகலாம். எடை, உயரத்தை மருத்துவர் பார்த்துவர வேண்டும். உறவினர் பேச்சைக் கேட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பயிற்சி என்றால் பிரம்பு அல்ல. முன் பெஞ்சில் உட்கார வைப்பது, பாடத்தைச் சிறுசிறு பகுதியாகக் கொடுப்பது, முடித்ததும் உடனே பாராட்டுவது, நோட்டு எடுத்துவரச் சொல்லி எழுந்து நடக்க விடுவது. இவற்றைச் செய்து பார்க்காமல் மாத்திரை கேட்க எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் 1997-ல் முதலில் வந்தது நம் திருச்சிக்குத்தான். புத்தூர் அரசு மருத்துவமனை திருவரங்கத்திலிருந்து அதிக தூரமில்லை. போகும்போது, வகுப்பில் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று இரண்டு வாரக் குறிப்பை ஆசிரியரிடம் எழுதி வாங்கிச் செல்லுங்கள். முடிவை மருத்துவரும் நீங்களும் சேர்ந்து எடுங்கள்.

அந்த ஆசிரியர் என் மாணவராகவும் இருக்கலாம். அவருக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், திருவரங்கம்