கரையாது என்று சொல்லலாமா?

பெரியதாழைக் கடற்கரை மணலில் கறுப்புக் கோடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் உள்ள இல்மனைட், இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்த ஆக்சைடு. எத்தனை அலை அடித்தாலும் கரையாமல் கிடக்கிறது. "இரும்பு ஆக்சைடு நீரில் கரையாது" என்றுதான் நாமும் மனப்பாடம் செய்தோம். வெப்பநிலையைச் சொல்லாத அந்த வாக்கியம் அரைகுறையானது என்பேன்.

இதே கரையில் தென்மேற்கே கூடங்குளம் இருக்கிறது. அங்கே அணு உலையினுள் ஓடும் நீர் 300 டிகிரி செல்சியசைத் தாண்டியும் கொதிப்பதில்லை. சுமார் 155 வளிமண்டல அழுத்தம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. அது நாம் குடிக்கும் நீரைப் போன்றதன்று. தூய நீரிலும் சில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் அயனியாகவும் ஹைட்ராக்சில் அயனியாகவும் பிரிகின்றன அல்லவா? 250 டிகிரியில் இவ்வயனிகள் அறை வெப்பநிலையில் இருப்பதைப்போல் சுமார் 20 மடங்கு! இவை குழாய்களின் உட்புறத்தில் படர்ந்துள்ள ஆக்சைடுப் படலத்தைத் தாக்கி, உலோக அயனிகளைப் பெயர்த்தெடுக்கின்றன.

கரைவது லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். 'இதற்கா இவ்வளவு பேச்சு?' என்பீர்கள். எஃகில் துளியளவு கோபால்ட் உண்டு. அதுவும் கரைந்து, உலையின் மையத்தில் படிந்து, நியூட்ரானை ஏற்றுக் கோபால்ட்-60 ஆகிறது. மறுபடி கரைந்து வெளிக்குழாய்களில் ஒட்டுகிறது. உலையை நிறுத்திப் பழுதுபார்க்கச் செல்லும் தொழிலாளியின் உடலில் அதன் காமாக் கதிர் பாய்கிறது. பாதியாகக் குறையவே 5 ஆண்டுக்கு மேலாகும். ஆகவேதான் அந்த நீரில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கலந்து, காரத்தன்மையை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

பாடநூலில் "அறை வெப்பநிலையில், ஏறக்குறைய" என்று சேர்க்க எவ்வளவு மை செலவாகும்? அதுவரை தேர்வில் நீங்களே சேர்த்து எழுதுங்கள். மதிப்பெண் குறைத்தால் ஆசிரியரிடம் பணிவோடு வாதிடுங்கள். நான் உங்கள் கட்சி.