நட்டாஷா இறக்கச் சொன்ன பெட்டிகள்



டால்ஸ்டாயின் பெரிய நாவலை டி.எஸ். சொக்கலிங்கம் 'போரும் வாழ்வும்' என்று தமிழுக்குத் தந்தார். அதை மறுபடியும் எடுத்துப் படித்தேன். பொரோதினோ போர்க்களத்தைவிட, மாஸ்கோவில் ஒரு வீட்டு முற்றம்தான் இந்த முறை என்னை விடாமல் பிடித்துக்கொண்டது.

1812. நெப்போலியன் படை நெருங்கிவிட்டது. ரஸ்தோவ் குடும்பம் வீட்டைக் காலி செய்கிறது. இளைய மகள் நட்டாஷா பீங்கான் சாமான்களையும் கம்பளங்களையும் தானே எடுத்து அடுக்குகிறாள். வேண்டாததை ஒதுக்கி, பெட்டி மூடியை அமுக்கி மூடவைக்கிறாள். அந்த நேரம் பார்த்துக் காயம்பட்ட வீரர்கள், தங்களையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறார்கள். அப்பா இளகிவிடுகிறார். அம்மா மறுக்கிறாள்: இருப்பதையும் விட்டுவிட்டால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்?

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணவர் தாராளமாய்ச் செலவழித்தே சொத்தைக் கரைத்தவர். மூத்த மகன் நிகோலாய் பட்டாளத்தில் இருக்கிறான். கடைக்குட்டி பெத்யாவும் பதினைந்து வயதிலேயே படையில் சேர்ந்துவிட்டான். மிச்சத்தைக் காப்பாற்றுவது தன் தலையில்தான் என்று அவள் நினைப்பதில் தப்பென்ன? ஆனால் மருமகன் பெர்க், ஊரே ஓடும்போது மலிவாகக் கிடைத்த அலமாரியைத் தூக்க ஆள் கேட்டு வந்து நிற்கிறானே, அவனை மன்னிக்க முடியவில்லை.

நட்டாஷா கோபமும் அழுகையுமாக அம்மாவிடம் ஓடிக் கத்துகிறாள். அம்மா இறங்கிவருகிறாள். பார்த்துப் பார்த்து அடுக்கிய பெட்டிகளை மகளே இறக்கச் சொல்ல, வண்டிகளில் காயம்பட்டவர்கள் ஏறுகிறார்கள். வீட்டுக்காகச் சாமான் கட்டும் அதே சாமர்த்தியம் அந்நியர்களின் உயிருக்கும் உதவுகிறது. போரில் பெண்ணின் வீரத்தை இப்படிக் காட்டிய எழுத்தாளர்கள் குறைவு.

அந்த அமளியில், விட்டுப்போகும் சாமான்களுக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருப்பவள் சோனியா. சீதனம் கொண்டுவர வழியில்லாத உறவுக்காரப் பெண். அவள் காதலித்த நிகோலாய், வசதியான மரியாவை மணக்கிறான். சோனியா அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறாள். டால்ஸ்டாய் இவளிடம் இன்னும் கொஞ்சம் கருணை காட்டியிருக்கலாம்.

ஏனென்றால் அவர் வீட்டிலும் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தார். மனைவி சோபியா இந்த நாவலைக் கையாலேயே திரும்பத் திரும்பப் படியெடுத்துக் கொடுத்தவர். 1863இல் தொடங்கிய நாவல் 1869இல் முடிவதற்குள் அவருக்கு நான்கு பிள்ளைகள். கதை முடியும்போது நட்டாஷாவுக்கும் நான்கு பிள்ளைகள்தான். அவள் பாடுவதை விட்டிருக்கிறாள்.

பாட்டை விட்டது நட்டாஷாவின் விருப்பமா, டால்ஸ்டாயின் விருப்பமா? டால்ஸ்டாயுடையது என்றுதான் எனக்குப் படுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் அவசியம் எழுதுங்கள். சோனியாவுக்காகப் பேசுகிற கடிதங்களுக்கு அடுத்த இதழில் கூடுதல் இடம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்