விடுதலையா? வீண் தொல்லையா?



கட்டற்ற மென்பொருளின் பெருமையைப் பேசாதார் நம் விடுதியில் யார்? 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் குனு திட்டத்தை அறிவித்ததும், 1991-இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்சை வெளியிட்டதும் நமக்கு மனப்பாடம். விடுதலை, விடுதலை என்று நள்ளிரவு வரை வாதிடுகிறோம். நன்று! ஆனால் நம் வீட்டுப் பெரியவர்களின் கணிப்பொறியில் என்ன ஓடுகிறது என்று எண்ணிப் பார்த்தோமா?

எண்ண வேண்டிய வேளை வந்துவிட்டது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கோ டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். பழைய செயலிகளை அது ஏற்காது. நன்றாக ஓடும் பொறியைப் பழைய இரும்புக்குப் போடு என்பதுதானே இதன் பொருள்? ஓய்வூதியத்தில் காலம் தள்ளுபவர் புதுப் பொறிக்கு எங்கே போவார்?

ஆகவே நானும் களத்தில் இறங்கினேன். இறங்கிய விதம் பெருமைக்குரியதன்று; அதனாலேயே சொல்கிறேன்.

என் பெரியப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுச் செகந்தராபாத்தில் இருக்கிறார். இளமையில் தமிழ்த் தட்டச்சு பயின்றவர். ஊரிலுள்ள தம்பி தங்கையருக்கு இன்றும் கடிதம் அடித்து, அச்செடுத்து, தபாலில் போடுகிறவர். சென்ற தீபாவளி விடுமுறையில் அவர் உண்டு உறங்கிய ஒரு மணி நேரத்தில், கோப்புகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, வட்டைத் துடைத்து லினக்ஸ் மின்ட் நிறுவினேன். கேட்கவில்லை. விழித்தெழுந்தால் வியப்பார் என்று நினைத்தேன்.

எழுந்தார், பழைய கடிதம் ஒன்றைத் திறந்தார். திரை நிறைய ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்!

அவர் எழுதியதெல்லாம் பாமினி எழுத்துருவில். அக்கோப்பின் உள்ளே இருப்பது தமிழ் அன்று, ஆங்கில எழுத்துக் குறிகளே. அவற்றின்மேல் எழுத்துரு தமிழ் வடிவத்தைப் போர்த்துகிறது. வட்டைத் துடைத்தபோது போர்வையும் போய்விட்டது. பாட்டி இறந்த அன்று அவர் ஊருக்கு எழுதிய கடிதமும் அந்தக் குவியலில் இருந்தது.

"என்னப்பா, இத்தனை வருஷம் நான் எழுதியதெல்லாம் போச்சா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பீரோவின் அடித்தட்டில் ஒரு குறுந்தகடு அகப்பட்டது. எழுத்துரு அதில் இருந்தது. லினக்சில் அதை நிறுவியதும் கடிதங்கள் உயிர் பெற்றன. அத்தோடு விட்டேனா? "தமிழ்99 விசைப்பலகைதான் சிறந்தது, 1999-இலேயே தமிழக அரசு ஏற்றது" என்று அவருக்குப் பாடம் நடத்தத் தொடங்கினேன். நாற்பதாண்டுப் பழக்கமுள்ள விரல்களுக்கு இருபத்து மூன்று வயதுக்காரன் பாடம்! இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பேனாவை எடுத்துவிட்டார். பிறகுதான் தேடிப் பார்த்தேன். லினக்சுக்கான எம்17என் தொகுப்பில் தமிழ்99-க்குப் பக்கத்திலேயே தமிழ்த் தட்டச்சு அமைப்பும் இருக்கிறது. எவரோ ஒருவர் இத்தகைய முதியவரை நினைத்து அதை எழுதி வைத்திருக்கிறார். பக்கத்திலிருந்த எனக்கு அந்த நினைவு வரவில்லை. இப்போது ஒருங்குறியில் வேகமாக அடிக்கிறார். பழைய கடிதங்களை ஒவ்வொன்றாக ஒருங்குறிக்கு மாற்றுகிறோம். பிழை பார்ப்பவர் அவரே.

இது என் ஒருவன் வீட்டுக் கதை அன்று. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கி மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. தொடக்க ஆண்டுகளில் தந்தவற்றில் விண்டோசோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. எங்கள் உறவில் அவ்வாறு வந்த பொறியில் பாஸ் பக்கத்தை ஒருவரும் திறந்ததில்லை. திறந்து காட்ட ஆள் இல்லை. கேரளத்திலோ, 2001-இல் தொடங்கிய பள்ளிக் கணிப்பொறித் திட்டம் கட்டற்ற மென்பொருளுக்கு மாறியபோது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரு மாநிலங்களிலும் மென்பொருள் ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே பக்கத்தில் ஒரு மனிதர் இருந்தார்.

"முதியவர்களுக்கு எதற்கு இந்த வம்பு? கைப்பேசி போதாதா?" என்பார் சிலர். கடிதம் அடிக்கவும் கணக்கெழுதவும் கைப்பேசி போதும் என்பவர் அவ்விரண்டையும் கைப்பேசியில் செய்து பார்க்கட்டும். அதற்காக எல்லோரையும் இழுத்து வருவதும் தவறு. கடையில் டாலியில் கணக்கு வைத்திருக்கும் மாமாவை விட்டுவிடுங்கள். அது விண்டோசுக்கென்று எழுதப்பட்டது. கொள்கைக்காக அவருடைய வரிக் கணக்கைக் குழப்ப நமக்கு உரிமை இல்லை. லிப்ரே ஆபீசை மட்டும் அவர் விண்டோசிலேயே போட்டுக் கொடுத்தாலும் போதும்.

மற்றவர்க்கும் முதலில் வேண்டியது கேள்வி: "தினமும் இதில் என்னென்ன செய்கிறீர்கள்?" அருகில் அமர்ந்து ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும். அச்சுப்பொறி ஓடுகிறதா என்று, துடைப்பதற்கு முன்பே, பென்டிரைவிலிருந்து லினக்சை இயக்கிப் பார்க்கலாம். திரையைத் தமிழில் வைப்பதா ஆங்கிலத்தில் வைப்பதா என்பதை அவர்களே சொல்லட்டும்; என் பெரியப்பா ஆங்கிலம்தான் கேட்டார், எனக்கு வருத்தமே! நிறுவிய பின் மூன்று மாதம் தொலைபேசியில் அகப்படுங்கள். அகப்பட மாட்டீர்கள் என்றால் தொடவே தொடாதீர்கள்.

நம் சங்கம் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் இதற்கு ஒதுக்கட்டும். இந்நகரில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பெரியவர்கள் தம் பொறியோடு வரட்டும். வரும்போது பீரோவின் அடித்தட்டையும் ஒருமுறை பார்த்து, பழைய குறுந்தகடு ஏதேனும் இருந்தால் மறவாமல் எடுத்துவரச் சொல்லுங்கள்.